கம்பியைத் தொட்ட கை

காரைக்கால் குற்றவியல் நடுவர் முன்பு 7-6-1982 திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குத் தானாக வந்து சொன்னது.

பெயர் சுப்பையன். தகப்பனார் பெயர் முத்தையன், காலமாகிவிட்டார். வயது ஐம்பத்தெட்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்; பிறகு வெடி வைக்கும் வேலை; இப்போது வேலை எதுவும் இல்லை. விலாசம்: காளியம்மன் கோயில் தெரு, வரிச்சிக்குடி.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி கமலாம்பாளுடன் குடியிருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. ஊரில் என்னைச் சொல்தா சுப்பையன் என்பார்கள்; பிரெஞ்சுக்காரனிடம் சிப்பாயாக இருந்தவனுக்கு இங்கே அதுதான் பெயர். வாக்குமூலம் கொடுக்க எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே பாதகமாகும் என்றும் நடுவர் அய்யா இரண்டு தடவை சொன்னார்கள். யோசித்துக்கொள் என்று அரை மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். நான் அங்கே உட்கார்ந்து ஒன்றும் யோசிக்கவில்லை. பத்து நாளாக யோசித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. என் மனைவி போகக் கூடாது என்று வாசலை மறித்தாள். அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று எழுதுகிறவர் சொல்கிறார். எழுதுங்கள், தம்பி. நடந்ததுதானே.

28-5-1982 வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஊர்க் காளியம்மன் திருவிழாவில் முதல் வேட்டு வெடித்தபோது இரும்புக் குழாய் சிதறி, கருப்பையன் என்பவர் இறந்துபோனார். அந்த வழக்கில் காரைக்கால் வாணக்கடை ஹமீதைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வேட்டு ஹமீது செய்தது அல்ல. ஹமீது வைத்ததும் அல்ல, வெடித்ததும் அல்ல. அது என்னுடைய டைனமைட்டுத் தோட்டா. கம்பியைத் தொட்டது என்னுடைய கை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதை வரிசையாகச் சொல் என்று நடுவர் அய்யா சொல்வதால் சொல்கிறேன்.

எனக்கு வெடியைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சொல்வது: 1946-ல் பாண்டிச்சேரியில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தேன். அதன் பிறகு கப்பலில் சைகோனுக்கு அனுப்பினார்கள். அங்கே பாலம் கட்டுவதும் பாலம் உடைப்பதும் வேலையாக உள்ள பிரிவில் என்னைச் சேர்த்தார்கள். எட்டு வருஷத்தில் கட்டின பாலம் மூன்று. உடைத்த கணக்கைக் கேட்காதீர்கள். அந்தப் பிரிவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார்ஜெண்டு ஒரு சட்டம் வைத்திருந்தார். வெடியில் இருந்து வரும் கம்பியைப் பேட்டரியில் தொடுகிறவன் எவனோ, அவன்தான் வெடியைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தவனாக இருக்க வேண்டும். நடுவில் வேறொருத்தன் போய்வந்தால் மறுபடி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தொட வேண்டும். குண்டு பறந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வெடித்த உடனே கம்பியை முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், விழுந்தது என்ன, செத்தது யார் என்று போய்ப் பார்க்கக் கூடாது. யுத்தத்தில் அது அப்படித்தான். எட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்தது கிடையாது.

யுத்தம் முடிந்த பிறகும் அதே பிரிவில் இருந்து, 1961-ல் பென்ஷனோடு ஊர் திரும்பினேன். அதன் பிறகு திருச்சிப் பக்கம் கல் குவாரியிலும், பாறையில் கிணறு வெட்டும் இடங்களிலும் பதிமூன்று வருஷம் வெடி வைத்தேன். ஒரு கிராமத்தில் நாற்பத்திரண்டாவது அடியில் பாறை விட்டுக்கொடுத்து ஊற்று பீச்சியது. அந்த ஊர்ப் பெண்கள் முதல் குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். வெடி வைத்தவனைத் தேடி வந்து யாராவது நல்ல வார்த்தை சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் பிறகு 1974-ல் எண்ணெய் தேடும் சர்வே பார்ட்டி ஒன்று நம் பக்கம் வந்தது. நெரவி வயல்களில் ஆழமாகத் துளை போட்டு, அடியில் தோட்டாவை இறக்கி வெடிப்போம். மேலே கொஞ்சம் சேறு கொப்பளிக்கும், நாலு கொக்கு பறக்கும், அவ்வளவுதான். அந்த அதிர்ச்சியை வண்டியில் இருக்கும் மெஷின் காகிதத்தில் கோடு கோடாக எழுதும். அதைப் படித்துப் பூமிக்குள் எண்ணெய் இருக்கிற இடத்தைச் சொல்வார்கள். ஒரு மனிதனுக்கும் கீறல் விழாத வெடி. ஆறு வருஷம் அதில் நிம்மதியாக இருந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

1980-ல் வயலிலேயே எனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன மாத்திரை கொடுத்து, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வையுங்கள், தலை கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள் என்றார். அதன் பெயரைக் கேட்டேன். நைட்ரோகிளிசரின் என்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோட்டாவுக்குள் இருக்கிற சரக்கே அதுதான், அய்யா. குவாரியில் தோட்டாவைத் தொட்ட கையால் நெற்றியைத் துடைத்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி ஒன்று வரும். அதே தலைவலி. பாலத்துக்கு அடியில் வைத்ததை இப்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொள் என்கிறார் டாக்டர். அந்த வலி வந்ததோடு சர்வே பார்ட்டி வேலையில் இருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாலை போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நானாக எடுத்துக்கொண்டு வந்தது மூன்று தோட்டாவும், கம்பி வைத்த கேப்பு இரண்டும். கேப்பு இல்லாமல் தோட்டா வெடிக்காது. துளை மண் சரிந்துபோன ஒரு நாளில் எல்லாத் தோட்டாவையும் துளைக்குள் இறக்கியதாகக் கணக்கில் எழுதிவிட்டு மூன்றை ஒளித்தேன். ஏன் எடுத்தாய் என்று நடுவர் அய்யா கேட்கிறார்கள். விற்பதற்கு இல்லை, மீன் பிடிக்கவும் இல்லை. முப்பத்து நாலு வருஷம் கையில் இருந்த பொருள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

ஹமீதை எப்படித் தெரியும் என்றால், இருபது வருஷப் பழக்கம். அவருக்கு ஐம்பது வயது. லைசென்ஸ் வைத்து வாணம், வேட்டு செய்கிறவர். எங்கள் கோயில் வேட்டு அவர் அத்தா காலத்தில் இருந்து அவர்கள் வீட்டு மருந்துதான். வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி என்று பழைய கருமருந்து தவிர வேறு எதையும் அவர் கையால் தொட மாட்டார். நான் தோட்டாவின் பெருமையை அளந்தால் சிரிப்பார். "எங்க மருந்து தள்ளும்ண்ணே. ஒங்க மருந்து ஒடைக்கும். சாமி பொறப்பாட்டுக்குத் தள்ளுறது போதும்" என்பார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கருமருந்தை இரும்புக் குழாயில் இட்டுச் செங்கல்தூள் போட்டு அடைத்தால், அது வாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சத்தம் கொடுக்கும், குழாய் நிற்கும். தோட்டாவுக்கு வாயைத் தேடிப் போக நேரம் கிடையாது. இருக்கிற இடத்தையே உடைத்துவிடும். இது எனக்கும் தெரியும், ஹமீதுக்கும் தெரியும். கருப்பையனுக்குத் தெரியாது.

கருப்பையன் எங்கள் கோயிலில் வேட்டு போடும் பாத்தியதைக்காரர். அவர் அப்பாவுக்குப் பிறகு அவர். திருவிழா அன்று எங்கள் ஊரில் காலையில் இருந்து எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சாயங்காலம் சாமி எழுந்து வெளியே வரும்போது குளக்கரையில் முதல் வேட்டு போடப்படும். வயலுக்கு அப்பால் உள்ள தெருக்களிலும் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பு எரியும், ஜனங்கள் சாப்பிடுவார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். சத்தம் கேட்காவிட்டால் சாமி கிளம்பவில்லை என்று அர்த்தம்.

சம்பவத்தன்று மதியம் மூன்று மணிக்கு எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. வைகாசியில் யார் மழையை எதிர்பார்ப்பார்கள். ஹமீது கொண்டுவந்து கோயில் கொட்டகையில் வைத்திருந்த மருந்து நனைந்துபோனது. அதன் பிறகு ஐந்து மணிக்கு மழை விட்டதும் கருப்பையன் குழாயில் மருந்து இட்டுத் திரி வைத்தார். புஸ்ஸென்று புகைந்து அணைந்தது. மறுபடி வைத்தார், அதே கதை. ஹமீது கையைக் கூப்பி, "ஒரு மணி நேரம் கொடுங்க, சைக்கிள்ல போயி கடையிலேர்ந்து காஞ்ச மருந்து எடுத்தாந்துடறேன்" என்றார். கோயில் தர்மகர்த்தா திருஞானசம்பந்தம், "பொழுது சாயறதுக்குள்ள ஆத்தா எல்லையத் தாண்டணும் பாய், ஒரு மணி நேரத்துக்கு எங்க போறது?" என்று கத்தினார். கூட்டத்தில் எவனோ ஒருவன், "பாய்க்கு நம்ம சாமின்னா அவ்வளவு எளக்காரமாப் போச்சு" என்றான். இன்னும் நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ஹமீது தலையைக் குனிந்துகொண்டு நனைந்த மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் எங்கள் சாமிக்கு மருந்து அரைத்த கை அது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஒரு தோட்டாவையும் ஒரு கேப்பையும் டார்ச்சு லைட்டுப் பேட்டரிகளையும் கம்பிச் சுருளையும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் வற்றியிருந்த குளத்தின் தரையில் கடப்பாரையால் ஒரு கை ஆழத்துக்குக் குழி போட்டேன். மண்ணுக்குள் வெடித்தால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், யாருக்கும் எதுவும் ஆகாது என்று எனக்குத் தெரியும். கேப்பைச் செருகிய தோட்டாவைக் குழியில் இறக்கி மேலே கொஞ்சம் மணல் தூவினேன். கூட்டத்தை முப்பது அடிக்கு அப்பால் தள்ளி நிறுத்தினேன். தர்மகர்த்தா வந்து, "என்ன சொல்தா இது, கம்பியெல்லாம் இருக்கு?" என்று கேட்டார். அதற்கு நான், "ஹமீது பாய் புதுசாத் தருவிச்ச மருந்துங்க. திரி வேண்டாம், கம்பியிலேயே பத்திக்கும்" என்று எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஹமீதுக்கு மரியாதை போகாமல் இருக்கட்டும் என்று சொன்னேன். திருட்டுத் தோட்டா என்பதை மறைக்கவும் சொன்னேன். இரண்டும் உண்மை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஹமீது என் பக்கத்தில் வந்து சட்டைக் கையைப் பிடித்து, "சுப்பையண்ணே, வேணாம். சொன்னாக் கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் கையை உதறிவிட்டு, "சும்மா இரு ஹமீது, ஒன் மானத்தைக் காப்பாத்துறேன்" என்றேன்.

அதன் பிறகு கம்பியை இழுத்துக்கொண்டு குளக்கரை மேட்டைத் தாண்டிப் புளியமரத்துக்குப் பின்னால் போனேன். அங்கிருந்து குழி தெரியாது. கரையில் தர்மகர்த்தா மட்டும் தெரிவார். சாமி வெளியே வந்ததும் அவர் துண்டை வீச வேண்டும், நான் கம்பியைப் பேட்டரியில் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு தடவை இறங்கிப் போய்க் குழியைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். கடப்பாரை பிடித்ததோ, ஓடிவந்ததோ, நெஞ்சு பிடித்துக்கொண்டது. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரைந்து வலி இறங்க ஐந்து நிமிஷம் ஆனது. தலைவலி ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததைத் தர்மகர்த்தா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கருப்பையன் குழியைப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள பொதைச்சா அதுக்குப் பேரு வேட்டாய்யா? எங்க அப்பன் காலத்துலேர்ந்து ஆத்தாளுக்குக் கொழாயிலதான்" என்று சொல்லியிருக்கிறார். மணலைத் தள்ளித் தோட்டாவைக் கம்பியோடு மேலே எடுத்து, இரும்புக் குழாயில் இறக்கி, எப்போதும் போலச் செங்கல்தூள் போட்டு இடித்து அடைத்திருக்கிறார். எப்போதும் போலக் குழாய்க்குப் பக்கவாட்டில் இரண்டு முழம் தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கருமருந்துக்கு அந்தத் தூரம் போதும். நாற்பது வருஷமாக அவர் அங்கேதான் நிற்பார். பாய் மருந்துதானே என்று நம்பினார். சர்வே பார்ட்டித் தோட்டா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதன் கிட்டேயே அவர் போயிருக்க மாட்டார். சம்பவத்தின்போது ஹமீது எங்கே இருந்தார் என்று கேட்டதற்கு: நான் கையை உதறியதும் அவர் கோயில் பின்பக்கம் போய்விட்டார். கருப்பையன் குழாயில் இறக்கியதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மேளம் கேட்டது. சாமி எழுந்துவிட்டது என்று எழுந்து நின்றேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று காலை எடுத்து வைத்தேன். அதே நேரம் தர்மகர்த்தாவின் துண்டு மேலே போனது. ஜனங்கள் குரல் கொடுத்தார்கள். தாமதமானால் மறுபடி ஹமீதைத்தான் திட்டுவார்கள் என்று நினைத்தேன். நான் வைத்த வெடியை யார் தொடப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை பார்க்காமல் தொட்டேன்.

சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் வெடித்தால் காலுக்கு அடியில் இருந்து வரும். இது காதில் அறைந்தது. இரும்புத் துண்டு ஒன்று புளியமரத்துக் கிளையில் வந்து அடித்தது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் ஓடவில்லை. என் கை பாட்டுக்குக் கம்பியை இழுத்து முழங்கையில் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பக்கம் அலறல் கேட்கிறது, நான் நின்ற இடத்தில் நின்று கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். முழுதும் சுற்றிப் பையில் போட்ட பிறகுதான் கரை ஏறினேன். அதனால்தான் போலீசாருக்கு அந்த இடத்தில் கம்பி கிடைக்கவில்லை. உடைந்த குழாயும் ஹமீதின் மருந்துப் பையும்தான் கிடைத்தன. கருப்பையன் மல்லாந்து கிடந்தார். துண்டு இடுப்பில் அப்படியே கட்டியபடி இருந்தது. எட்டு வருஷ யுத்தத்தில் நான் போய்ப் பார்க்காமல் வந்ததை எல்லாம் அன்றைக்குச் சேர்த்துப் பார்த்தேன். உயிர் இல்லை.

அதன் பிறகு போலீசார் வந்தார்கள். விசாரித்தபோது எல்லாரும் ஒரே மாதிரி, பாய் புதுசாகத் தருவித்த மருந்து என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் சொன்னார்கள். நான் கம்பி இழுத்ததை யாரும் தனியாகச் சொல்லவில்லை; பாய்க்குக் கையாளாக நின்றவன் என்றுதான் நினைத்தார்கள். ஹமீதைக் கேட்டதற்கு அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கோயிலுக்கு மருந்து கொண்டாந்தது நாந்தாங்க" என்று சொன்னார். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கூட்டத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குப் போய் ஹமீதைப் பார்த்தேன். தனியாகப் பேச இரண்டு நிமிஷம் கிடைத்தது. "நான் சொல்லிடறேன், ஹமீது" என்றேன். அதற்கு அவர், "நீங்க நெஞ்சு வலிக்காரரு. ஜெயிலு ஒங்களுக்கு ஆகாதுண்ணே. எனக்கு ஒடம்பு கெட்டி. நான் இருந்துட்டு வந்துடறேன். எனக்காகத்தானே பண்ணுனீங்க" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அய்யா? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறாம் நாள் ஹமீதின் மனைவி மெஹர் பானு எங்கள் வீட்டுக்கு வந்தது. கடை வாசலில் கல் எறிந்திருக்கிறார்கள், பால்காரன்கூட அந்த வீட்டுக்குப் போவதில்லை. அந்தப் பெண், "அண்ணே, அவரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு. மருந்துல தப்பு இருக்காதுண்ணே, நான் கூட ஒக்காந்துதான் அரைச்சேன். நீங்க பக்கத்துலேயே நின்னீங்கல்ல, என்ன நடந்துச்சுன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி, "அவருக்கு முடியலம்மா, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. மெஹர் பானு போகும்போது, "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகும் நாலு நாள் கழித்துத்தான் வந்திருக்கிறாய், ஏன் என்று நடுவர் அய்யா கேட்டதற்குச் சொல்வது: நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நான் வயலுக்கு அப்பால் இருக்கும் கருப்பையன் வீட்டுக்குப் போனேன். பத்து நாளில் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. கருப்பையனின் மனைவி அமுதமும், பத்தாவது படிக்கும் மகள் அல்லியும் இருந்தார்கள். அமுதம் என்னைப் பாயில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதுவாகவே சொல்லியது.

"அன்னிக்குக் காலேலேர்ந்து பட்டினிண்ணே. சத்தம் வருமா வருமான்னு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். வந்துச்சு பாருங்க, மாடப்பொறையில இருந்த சட்டியெல்லாம் குலுங்கிப் போச்சு. எங்க வீட்டுக்காரரு இந்த வருசம் ஜமாய்ச்சிட்டாருடின்னு இவகிட்டச் சொன்னேன். சொல்லிட்டுத்தான் அடுப்ப மூட்டுனேன். ஒலை வச்சு, வடிச்சு, தட்டுல போட்டு மூணு வாயி சாப்புட்டேண்ணே. நாலாவது வாயி எடுக்கையில ஆளு வந்து சொன்னாங்க."

அமுதம் எழுந்து வாசல் பக்கம் போனது. பிறகு, "அவரு அங்க செத்துக் கெடக்குறாரு. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு நான் இங்க சோறு திங்கிறேன். அந்த மூணு வாயும் இன்னும் தொண்டையிலயே நிக்குது. அந்தப் பாய் குடும்பம் வெளங்குமாண்ணே? அவன் புள்ளகுட்டி நல்லாருக்குமா?" என்று மண்ணை வாரித் தெற்குப் பக்கம், காரைக்கால் இருக்கும் திசையைப் பார்த்துத் தூற்றியது. அல்லி எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சாபம் எனக்கு வர வேண்டியது. என் எதிரிலேயே விலாசம் தப்பிப் போகிறது. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அய்யா. தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எத்தனையோ பாலத்துக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கிறேன். அந்தப் பொம்பளை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகும் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது என்று தெரிந்துபோனது.

மீதித் தோட்டா எங்கே என்று கேட்டதற்கு: இரண்டு தோட்டா என் வீட்டுக் கொல்லையில், கிணற்றில் இருந்து மூன்றாவது தென்னைக்குக் கீழே, பால்பவுடர் டப்பாவில் போட்டுப் புதைத்திருக்கிறேன். மீதி ஒரு கேப்பு வேறாக, மாட்டுக் கொட்டகைப் பரணில் இருக்கிறது. சுற்றிய கம்பியைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டேன். தோட்டா பழையது, வியர்த்திருக்கும்; உள்ளே இருக்கிற சரக்கு அப்படிக் கசிந்து நின்றால் லேசாக இடித்தாலே வெடிக்கும். தயவுசெய்து எந்தக் கான்ஸ்டபிள் தம்பியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். விவரம் தெரிந்த ஆள் வரும்வரை அந்தத் தென்னையைச் சுற்றி யாரும் நடக்க வேண்டாம். இன்னொரு கருப்பையன் வேண்டாம்.

என் சட்டைப் பையில் இருந்த மாத்திரையை எடுத்து வைத்திருக்கிறார்கள். அது வெடிக்காது என்று சொன்னேன். திருப்பித் தருவதாக நடுவர் அய்யா சொன்னார்கள்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ஹமீதை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததைக் குற்றம் என்று எழுதிவிடக் கூடாது. இரண்டாவது, இந்தக் காகிதத்தின் நகல் ஒன்று அமுதத்தின் கைக்குப் போக வேண்டும். அமுதத்துக்குப் படிக்கத் தெரியாது, அல்லி படித்துக் காட்டும். அமுதம் தூற்றின மண்ணை இனிமேல் என் வீட்டுப் பக்கமே தூற்றட்டும், காளியம்மன் கோயில் தெருவில் நாலாவது வீடு.

மேலே எழுதியுள்ளதை எழுதியவர் நிறுத்தி நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. கம்பி சுற்றிய இடத்தை அடித்துவிடலாமா என்று எழுதியவர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் நடந்தபடிக்கு நானே என் வாயால் சொன்னது.

முப்பத்தாறு வருஷமாகப் பட்டாளத்துக் காகிதத்திலும் பென்ஷன் காகிதத்திலும் நான் பிரெஞ்சில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதில் அப்படிப் போட்டால் அல்லிக்குப் படிக்க வராது. அதனால் தமிழில் போடுகிறேன்.

சுப்பையன்